கீழே இருக்கும் எண் எது? பொருளியல், மக்கள்தொகைச் சொற்களில் மாணவரின் அறிவைச் சோதிப்பது எப்படி

பதினோராம் வகுப்பு மாணவரிடம் மக்கள் அடர்த்தி என்றால் என்ன என்று கேளுங்கள். "ஒரு சதுர கிலோமீட்டரில் வாழும் மக்களின் எண்ணிக்கை" என்று பிசகில்லாமல் சொல்லிவிடுவார். அடுத்து இதைக் கேளுங்கள்: 2011 கணக்கெடுப்பின்படி ராஜஸ்தானின் மக்கள்தொகை சுமார் 6.85 கோடி, கேரளத்தில் சுமார் 3.34 கோடி. இரண்டில் அடர்த்தி அதிகம் எங்கே? வகுப்பில் கணிசமானவர்கள் ராஜஸ்தான் என்பார்கள். உண்மையில் ராஜஸ்தானில் சதுர கிலோமீட்டருக்கு 200 பேர், கேரளத்தில் 860 பேர். அந்த மாணவருக்கு வரையறை மனப்பாடம். பரப்பளவைக் கேட்காமலேயே விடை சொல்லிவிட்டார் என்பதால் சொல் இன்னும் பிடிபடவில்லை என்று தெரிகிறது. "பரப்பளவு தரவில்லையே, எப்படிச் சொல்வது?" என்று திருப்பிக் கேட்கும் மாணவருக்குத்தான் அடர்த்தி என்ற சொல் தெரிந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு மாணவர்களையும் பிரித்தறியும் சிறு தேர்வை உருவாக்குவது பற்றியது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை சமூக அறிவியலோ பொருளியலோ எடுக்கும் புதிய ஆசிரியர்களுக்கும், டியூஷன் நடத்துபவர்களுக்கும் பயன்படும். தமிழ்நாட்டு மேல்நிலைப் பொருளியல் வினாத்தாளில் 90 மதிப்பெண்ணுக்கு 20 ஒரு மதிப்பெண் கேள்விகள் வருகின்றன. புக் பேக் கேள்விகளை உருப்போட்டாலே அதில் பெரும்பகுதி தேறிவிடும். ஆகவே பொதுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சொல்லறிவை எடைபோட முடியாது. அதற்குத் தனியாக ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும்.

எந்தச் சொற்களை எடுப்பது

ஒரு தேர்வுக்கு 20 முதல் 24 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மேலோட்டமான கேள்விதான் கேட்க முடியும். எடுக்கும்போது மூன்று வகையிலிருந்தும் கலந்து எடுங்கள்.

முதல் வகை, அன்றாடப் பேச்சிலும் புழங்கும் சொற்கள்: தேவை, அளிப்பு, நிலம், முதலீடு, சந்தை. இவைதான் அதிகம் சறுக்க வைக்கும். மாணவர் ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பதால் பாடத்தில் கவனம் வைப்பதில்லை. பசித்தவருக்குச் சாப்பாடு தேவை என்பது வீட்டு வழக்கு. பொருளியலில் விருப்பத்தோடு வாங்கும் சக்தியும், செலவழிக்கும் மனமும் சேர்ந்தால்தான் அது தேவை. இரண்டாம் வகை, பாடத்தில் மட்டுமே வரும் கூட்டுச் சொற்கள்: மொத்த உள்நாட்டு உற்பத்தி, மனித மேம்பாட்டுக் குறியீடு, சார்ந்திருப்போர் விகிதம், மறைமுக வேலையின்மை. மூன்றாம் வகை, ஒன்றுபோலத் தோன்றி வேறுபடும் ஜோடிகள்: பிறப்பு வீதமும் மொத்தக் கருவள வீதமும், உள்நாட்டு உற்பத்தியும் நாட்டு உற்பத்தியும், விலை உயர்வும் பணவீக்க வீதமும். ஜோடியில் ஒன்றை மட்டும் கேட்டால் குழப்பம் வெளியே தெரியாது. இரண்டையும் ஒரே தாளில் வையுங்கள்.

தேர்வுச் சொற்கள் மாணவர் படிக்கும் பாடநூலில் உள்ளபடியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் தேவை, அளிப்பு, மக்கள்தொகை என்று படிப்பவர்களுக்கான தாளை, கேள்வி, நிரம்பல், குடித்தொகை என்று படிக்கும் இலங்கை மாணவர்களுக்கு அப்படியே கொடுத்தால் பாடம் தெரிந்தவரும் திணறுவார்.

முதல் ஐந்து நிமிடம்: தாங்களே மதிப்பிடுதல்

சொல்லறிவு தெரியும், தெரியாது என்று இரண்டே நிலை கொண்டதல்ல. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1965-இல் அதை நான்கு நிலையாக வகுத்தார். கேள்விப்பட்டதே இல்லை; கேட்டிருக்கிறேன், பொருள் தெரியாது; எதைப் பற்றியது என்று ஓரளவு தெரியும்; நன்றாகத் தெரியும். சொற்களை வரிசையாக எழுதி, எதிரே 1 முதல் 4 வரை ஒரு எண் போடச் சொல்லுங்கள்.

இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் 4 போட்டுவிடுவார்கள். அப்படியும் சிலர் கூட்டித்தான் போடுவார்கள். அதைக் கண்டறிய, பாடத்திலேயே இல்லாத பொய்ச் சொற்கள் இரண்டைப் பட்டியலில் சேர்ப்பது பழைய, நம்பகமான உத்தி. "நிகரப் பாலின அடர்த்தி" என்று ஒன்றை எழுதிப் பாருங்கள். அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதற்கும் 3, 4 போட்ட மாணவரின் மற்ற எண்களையும் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அவரைத் திட்டவோ வகுப்பில் பெயர் சொல்லவோ வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று எழுத அஞ்சும் பிள்ளை அவர் என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். தேர்வு முடிந்ததும் அந்த இரண்டும் பொய்ச் சொற்கள் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதைக் குறித்துவைத்துப் படிக்கத் தொடங்குவார்கள்.

தேர்வின் நடுப்பகுதி: ஒரே ஊர், பல சொற்கள்

மக்கள்தொகையியலின் அளவைச் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே வகுத்தல்தான். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே என்ன என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். பிறப்பு வீதத்தில் பிறப்பு, எழுத்தறிவு வீதத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கீழே என்ன என்பதைத்தான் பெயர் சொல்லாது. அங்கேதான் சோதிக்க வேண்டும்.

அதற்கு ஒரு கற்பனை ஊரின் விவரங்களைப் பலகையில் எழுதுங்கள். கீழ்க்கண்ட எண்கள் கால்குலேட்டர் இல்லாமலே போட வசதியானவை.

மொத்த மக்கள் 50,000. ஆண்கள் 25,600, பெண்கள் 24,400. பரப்பு 20 சதுர கிலோமீட்டர். 0–6 வயதுக் குழந்தைகள் 5,000. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 36,000. ஓராண்டில் உயிருடன் பிறந்த குழந்தைகள் 800, மொத்த இறப்புகள் 350, அவற்றில் ஒரு வயது நிறையாத குழந்தைகள் 12. 15–59 வயதினர் 32,000. வேலை செய்பவர்கள் 19,000, வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 1,000.

எழுத்தறிவு வீதம் கேளுங்கள். சரியான விடை 80 சதவீதம். இந்தியக் கணக்கெடுப்பில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்தே எழுத்தறிவு கணக்கிடப்படுகிறது. ஆகவே 36,000-ஐ 45,000-ஆல் வகுக்க வேண்டும். 72 சதவீதம் என்று எழுதியவர் மொத்த மக்களால் வகுத்துவிட்டார். அவருக்கு வகுத்தல் வருகிறது, சொல்லின் எல்லை தெரியவில்லை. 90 சதவீதம் என்று எழுதியவர் 45,000-ஐ 50,000-ஆல் வகுத்திருக்கிறார். அவருக்கு மேலே என்ன வரவேண்டும் என்பதே பிடிபடவில்லை. இருவருக்கும் பூஜ்ஜியம் போட்டுவிட்டு நகர்ந்தால் இந்த வேறுபாடு கையைவிட்டுப் போய்விடும்.

குழந்தை இறப்பு வீதம் இன்னும் நல்ல சோதனை. பிறப்பு வீதத்துக்கு 800-ஐ 50,000-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 16. அதேபோல இறப்பு வீதம் 7. இரண்டையும் போட்ட கையோடு குழந்தை இறப்புக்கும் 12-ஐ 50,000-ஆல் வகுத்து 0.24 என்று எழுதுபவர்கள் நிறைய. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது முடியும் முன் இறப்பவர்கள் எத்தனை பேர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். ஆகவே 12-ஐ 800-ஆல் வகுக்க வேண்டும், விடை 15. இந்தக் கேள்வியைப் பிறப்பு, இறப்பு வீதங்களுக்கு அடுத்தே வைப்பது நல்லது. பழக்கத்தில் போடுபவரும் யோசித்துப் போடுபவரும் அங்கே பிரிந்துவிடுவார்கள்.

வேலையின்மை வீதத்திலும் இதே வழுக்கல். 1,000-ஐ 50,000-ஆல் வகுத்தால் 2 சதவீதம், 19,000-ஆல் வகுத்தால் சுமார் 5.3. இரண்டும் தவறு. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த உழைப்புப் படை 20,000. விடை 5 சதவீதம். படிக்கும் மாணவரும், வேலை தேடாத முதியவரும் இந்தக் கணக்கில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இது புரிந்தால்தான் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே வேலையின்மை 3.2 சதவீதம் என்று வரும்போது, மீதி 96.8 சதவீதம் பேரும் வேலை செய்கிறார்கள் என்று மாணவர் நினைக்க மாட்டார். அதே கணக்கெடுப்பில் உழைப்புப் படையில் இருந்தவர்களே 60.1 சதவீதம்தான்.

பாலின விகிதத்தில் இந்திய வழக்கம் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. நம் ஊரில் அது 953. தலைகீழாக வகுத்தவருக்கு 1049 வரும், மொத்த மக்களால் வகுத்தவருக்கு 488. உலக அளவிலான அறிக்கைகளில் பெரும்பாலும் நூறு பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று இருக்கும். எனவே இணையத்தில் தேடிப் படித்த மாணவர் சுமார் 105 என்று எழுதினால், கீழே என்ன வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள். சார்ந்திருப்போர் விகிதத்தில் உழைக்கும் வயதை 15–59 என்றும் 15–64 என்றும் இரு விதமாக எடுப்பதால், எந்த வரம்பு என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும். மேலே உள்ள ஊரில் உழைக்கும் வயதில் இல்லாத 18,000 பேரை, அந்த வயதில் உள்ள 32,000 பேரால் வகுத்தால் நூறு பேருக்குச் சுமார் 56 பேர். அடர்த்தி எளிது, 2,500. அதை முதல் கேள்வியாக வைத்தால் பயம் தெளியும்.

மதிப்பெண்ணை இரண்டாகப் பிரியுங்கள். கீழ் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததற்கு ஒன்று, விடைக்கு ஒன்று. கணக்கில் பலவீனமான மாணவர் சொல்லைச் சரியாகப் புரிந்திருந்தால் முதல் மதிப்பெண் அவருக்குச் சேரும். நாம் இங்கே சோதிப்பது சொல்லைத்தான், வகுத்தலை அல்ல.

பொருளியல் சொற்களுக்கு: சேருமா, சேராதா

பொருளியல் சொற்கள் பலவற்றில் வகுத்தல் இல்லை, எல்லைக்கோடுதான் இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் எது வரும், எது வராது என்று கேட்பதே சிறந்த வழி. 1969-இல் உருவான ஃப்ரேயர் மாதிரி என்ற நான்கு கட்டப் படிவத்தில் வரையறை, இயல்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது என நான்கு இடங்கள் உண்டு. நான்காவது கட்டமே மாணவரின் அறிவை உள்ளபடி காட்டும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியை எடுத்துக்கொள்வோம். டீக்கடைக்காரர் கடைக்கு வாங்கும் பால், அவர் விற்கும் டீ, அம்மா வீட்டில் சமைக்கும் சாப்பாடு, மெஸ்ஸில் விற்கும் சாப்பாடு, பழைய பைக்கை 30,000 ரூபாய்க்கு விற்றது, அந்த விற்பனையில் தரகர் வாங்கிய 1,000 ரூபாய் கமிஷன், துபாயில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய பணம். இந்த ஏழில் எவை தனியாகக் கணக்கில் சேரும்? டீ, மெஸ் சாப்பாடு, கமிஷன் மூன்று மட்டும். பாலின் மதிப்பு டீயின் விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. பழைய பைக் முதன்முதல் விற்ற ஆண்டிலேயே கணக்கில் வந்துவிட்டது. வீட்டுச் சமையலுக்குச் சந்தைப் பரிமாற்றம் இல்லை. மாணவர்கள் அதிகம் தவறுவது பைக்கிலும் துபாய்ப் பணத்திலும்தான். பணம் கைமாறினாலே உற்பத்தி என்று நினைப்பது முதல் தவறு. நாட்டு எல்லைக்குள் நடந்த உற்பத்தி மட்டுமே உள்நாட்டு உற்பத்தி என்பதை மறப்பது இரண்டாவது. காரணம் எழுத ஒரு வரி இடம் விடுங்கள். காரணமில்லாமல் டிக் மட்டும் போடச் சொன்னால் பாதி விடைகள் குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகிவிடும்.

பணவீக்கத்துக்கு மூன்று எண்கள் போதும். விலைக் குறியீட்டெண் முதல் ஆண்டு 100, இரண்டாம் ஆண்டு 108, மூன்றாம் ஆண்டு 112. பணவீக்கம் முதலில் 8 சதவீதம், பிறகு சுமார் 3.7. மூன்றாம் ஆண்டில் விலைவாசி குறைந்ததா? செய்தித்தாளில் "பணவீக்கம் குறைந்தது" என்ற தலைப்பைப் பார்த்து விலை இறங்கிவிட்டது என்று நினைக்கும் பெரியவர்களே அதிகம். விலை ஏறத்தான் செய்தது, ஏறிய வேகம் குறைந்தது. இந்த ஒரு கேள்வியை நான் எந்தத் தாளிலிருந்தும் எடுக்கமாட்டேன். பள்ளிப் படிப்போடு நின்றுவிடும் பிள்ளைக்கும் வாழ்நாள் முழுவதும் உதவும் சொல் இது.

வாய்ப்புச் செலவுக்கு: ஒருவருக்கு மாதம் 12,000, 10,000, 8,000 ரூபாய்ச் சம்பளத்தில் மூன்று வேலைகள் கிடைக்கின்றன, 12,000 வேலையை ஏற்கிறார். விட்டுக்கொடுத்தது எவ்வளவு? 18,000 என்று கூட்டிப் போடுவது வழக்கமான தவறு. ஒரு நேரத்தில் ஒரு வேலைதானே செய்திருக்க முடியும். கைவிட்டவற்றில் சிறந்தது மட்டுமே கணக்கு, அதாவது 10,000. மறைமுக வேலையின்மைக்கு, மூன்று பேர் போதுமான வயலில் ஐந்து பேர் வேலை செய்யும் குடும்பத்தைக் காட்டி, எத்தனை பேர் விலகினாலும் விளைச்சல் குறையாது என்று கேட்கலாம். சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளும் மாணவர் "வேலை இல்லாததை மறைப்பவர்" என்று எழுதுவார். அந்த வரியைத் தவறான விருப்பமாக ஒரு பலவுள் தெரிவில் வைத்துப் பாருங்கள், நிறையப் பேர் அதைத் தொடுவார்கள்.

பலவுள் தெரிவு எழுதும்போது

நான்கு விருப்பங்கள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று போதும். நான்காவது பெரும்பாலும் இடம் நிரப்பவே எழுதப்படுகிறது. இருபதில் ஒருவர்கூடத் தொடாத விருப்பம் எந்த வேலையும் செய்யவில்லை. ஒவ்வொரு தவறான விருப்பத்துக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட குழப்பம் இருக்க வேண்டும். மேலே பார்த்த 953, 1049, 488 அப்படிப்பட்டவை. ஒன்றை மறந்துவிடக் கூடாது: மூன்று விருப்பம் என்றால் 12 கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்கும் சராசரியாக 4 கிடைக்கும். 5 வாங்கியவரைப் பாதி தெரிந்தவர் என்று எண்ண வேண்டாம்.

சரியான விடை மட்டும் நீளமாக இருப்பது, "மேற்கண்ட அனைத்தும்" என்று முடிப்பது, பொருத்துக பகுதியில் இரு பக்கமும் சம எண்ணிக்கை வைப்பது, இவை மூன்றும் தெரியாதவருக்கும் வழி காட்டிவிடும். பொருத்துகவில் இடப்பக்கம் ஐந்து என்றால் வலப்பக்கம் ஏழு இருக்கட்டும்.

புள்ளிவிவரம் வரும் இடத்தில் இன்னொரு சிக்கல். 2011 கணக்கெடுப்புக்கு இரண்டு தொகுதி எண்கள் புழக்கத்தில் உள்ளன. முதலில் வந்த தற்காலிக முடிவில் இந்திய எழுத்தறிவு 74.04, பாலின விகிதம் 940. இறுதி முடிவில் 72.99, 943. தமிழகத்துக்கும் அப்படியே: எழுத்தறிவு 80.33 என்றும் 80.09 என்றும், பாலின விகிதம் 995 என்றும் 996 என்றும் காணலாம். கைடுகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஆகவே எண்ணை ஒப்பிக்கச் சொல்லும் கேள்வியைத் தவிர்த்து, எண்ணைக் கொடுத்துப் பொருள் கேட்பது மேல். எடுத்துக்காட்டாக, 2011-இல் தமிழகத்தின் பாலின விகிதம் 996, 0–6 வயதினரிடையே மட்டும் 943. இந்த இடைவெளி எதைக் காட்டுகிறது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பெண் குழந்தைகள் பிறப்பதற்கு முன்பும் பிறந்த பின்பும் இழக்கப்படுவதையும், பெரியவர்களில் பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதையும் மாணவர் தொட்டாலே அந்தச் சொல் அவர் வசமாகிவிட்டது. கணக்கெடுப்பு ஆண்டைக் கேள்வியில் எப்போதும் குறிப்பிடுங்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 குறிக்கப்பட்டுள்ளதால் எண்கள் மாறப்போகின்றன.

நேரப் பங்கீடு ஏறக்குறைய இப்படி: சுயமதிப்பீட்டுக்கு 5 நிமிடம், பலவுள் தெரிவு 12-க்கு 12 நிமிடம், ஊர் கணக்கு ஆறுக்கு 15, இரண்டு சிறுவிடைக்கு 8. மொத்தம் 40 நிமிடம், ஒரு பீரியட். விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கோ, வீதம், விகிதம் மாறிப்போனதற்கோ மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

திருத்திய பிறகு

பலரும் மதிப்பெண் பட்டியல் போட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்விகளையும் திருத்த வேண்டும். 40 பேர் வகுப்பில் மொத்த மதிப்பெண்படி தாள்களை அடுக்கி, மேலிருந்து 11, கீழிருந்து 11 எடுங்கள். 27 சதவீதம் என்ற இந்த அளவு 1939-இல் ட்ரூமன் கெல்லி வகுத்தது. ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 9 பேர், கீழ்க் குழுவில் 3 பேர் சரி என்றால் வித்தியாசம் 6, அதை 11-ஆல் வகுத்தால் சுமார் 0.55. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே வந்தால் அந்தக் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். கழித்தல் குறி வந்தால், அதாவது கீழ்க் குழுவே அதிகம் சரியாக எழுதியிருந்தால், பெரும்பாலும் பிழை நம் கேள்வியிலோ விடைக்குறிப்பிலோதான். "விலை குறைந்தால் தேவை அதிகரிக்கும்" என்பதைச் சரி என்று குறிப்பில் வைத்திருந்தால் அப்படி நடக்கும். கூர்ந்து படித்தவர், விலை மாறும்போது மாறுவது தேவையின் அளவு, தேவைக் கோடு இடம் மாறுவதில்லை என்று அறிந்து தவறு எனக் குறித்திருப்பார்.

எல்லாரும் சரியாக எழுதிய கேள்வியிலும் இந்த வித்தியாசம் பூஜ்ஜியம்தான் வரும். அதை நீக்க வேண்டியதில்லை, அந்தச் சொல்லை வகுப்பு முழுவதும் கற்றுவிட்டது, அவ்வளவே. எத்தனை பேர் சரி என்பதை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதால் வகுத்து வைத்துக்கொண்டால், 0.4-க்குக் கீழே இருக்கும் சொற்களே அடுத்த வாரம் மறுபடி நடத்த வேண்டியவை.

அப்படி நடத்திய இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஊரை வேறு எண்களோடு திரும்பக் கொடுங்கள். கூடவே புதிதாக ஒரு தகவல் சேருங்கள்: ஊரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2 குழந்தைகள். இந்தியாவின் மொத்தக் கருவள வீதம் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் 2.0, தமிழகத்தில் 1.8. தலைமுறையை ஈடுசெய்ய 2.1 வேண்டும். அதற்குக் கீழே வந்த பிறகும் மக்கள்தொகை ஏன் உடனே குறைவதில்லை என்று கேளுங்கள். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கையே இன்னும் பெரிது என்று எழுதும் மாணவர், பிறப்பு வீதத்தின் கீழே இருப்பது ஊர் முழுவதும், கருவள வீதத்தின் கீழே இருப்பது ஒரு பெண் என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டார்.